சந்தியாகுபட்டிக் கோயிலும் மொக்கம்மாளும்

மொக்கம்மாளுக்கு ஞானஸ்நானத்தில் வைத்த பெயர் ஞானபாக்கியம். அந்தப் பெயரைச் சொல்லி அவள் புருஷன் இன்னாசி மட்டும் கொஞ்ச நாள் கூப்பிட்டுப் பார்த்தான். அவன் வாயிலேயே அது நிற்கவில்லை. சந்தியாகுபட்டியில் இன்றைக்கும் அவள் மொக்கம்மாள்தான்.

பிறந்தது ஜெயமங்கலம் பக்கம். சின்ன வயதிலேயே தகப்பன் போய்விட, பண்ணைப்புரத்தில் சித்தி வீட்டில் வளர்ந்தாள். வயசுக்கு வந்ததும் மலைக்கு மேலே, கேரளத்து ஏலத்தோட்டங்களுக்குக் காய் எடுக்க ஜீப்பில் போக ஆரம்பித்தாள். அதே ஜீப்பின் பின்னால் தொங்கிக்கொண்டு வருகிறவன் இன்னாசி. தோட்டத்தில் மருந்தடிக்கிற வேலை அவனுக்கு. ஒருநாள் அவள் காலில் ஏறிய அட்டையைப் புகையிலைத் தண்ணீர் தொட்டு எடுத்துவிட்டான். அதிலிருந்துதான் எல்லாம் என்று அவளே சொல்லிச் சிரிப்பாள். சாமியை மாற்றிக்கொண்டு கல்யாணம் கட்ட அவள் வீட்டில் ஒப்பவில்லை. அவள் ரெண்டாம் தடவை கேட்கவும் இல்லை.

சந்தியாகுபட்டி பண்ணைப்புரத்துக்கு மேற்கே, மலை எழும்புகிற இடத்தில் இருக்கிறது. ஐம்பது வீடு தேறும். எல்லாரும் கத்தோலிக்கர்கள், எல்லாரும் கூலிக்காரர்கள். ஆண்களுக்குத் திராட்சைத் தோட்டமும் கட்டட வேலையும், பெண்களுக்கு மலைமேல் ஏலக்காய். கோயில் என்று இருந்தது ஒரு தகரக் கொட்டகை. பங்குச் சாமியார் மாதத்தில் இரண்டு ஞாயிற்றுக்கிழமை பைக்கில் வந்து பூசை வைத்துவிட்டுப் போவார். மழை பிடித்தால் பிரசங்கம் கேட்காது. இரைச்சல் அடங்கும்வரை ஆளாளுக்கு ஜெபமாலையை உருட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள்.

இன்னாசி ஐம்பது வயது காணாமல் செத்துப்போனான். வருஷக்கணக்காக மருந்தடித்ததில் நெஞ்சு கெட்டுப்போயிருந்தது. ஐப்பசி அடைமழையில் அடக்கப் பூசை நடந்தது. பூசை பாதியில் இருக்கும்போது காற்றில் ஒரு தகரம் பிய்த்துக்கொண்டு போனது. திறந்திருந்த பெட்டிக்குள், இன்னாசியின் முகத்தின்மேல் நேராகத் தண்ணீர் கொட்டியது. பெட்டியை நகர்த்தினால் அங்கேயும் ஒழுகியது. மொக்கம்மாள் முந்தானையை விரித்து அவன் முகத்துக்குமேல் பிடித்துக்கொண்டு நின்றாள். பங்குச் சாமியார் ஃபாதர் பெனடிக்ட் ஜெபங்களைச் சுருக்கி முடித்தார்.

கல்லறையிலிருந்து திரும்பியதும், சேலைத் தண்ணீரைக்கூடப் பிழியாமல் அவரிடம் போய் நின்றாள்.

"உசுரோட இருக்கவுக நனைஞ்சா தொடச்சுக்கிருவோம் சாமி. செத்தவுக என்ன செய்வாக? நமக்கு ஒரு கோயிலு கட்டணும்."

"பாப்போம்மா. மேல எழுதிக் கேக்கணும். இதெல்லாம் ஒருநாளில் ஆகிற காரியமா?"

"ஒருநாள்ல ஆக வேணாம் சாமி. ஆரம்பிப்போம்."

அவளுக்கு ஊரில் ஒரு பிடி இருந்தது. நாளைக்கு இத்தனை பேர் வேண்டும் என்று தோட்டத்து மேனேஜர் பேபிச்சன் போன் செய்வது அவளுக்குத்தான். யார் யார் ஜீப்பில் ஏறுவது என்று முடிவு செய்வதும் அவள்தான். அதனால் பெண்கள் அவள் சொல்லைத் தட்ட மாட்டார்கள். பூசை இல்லாத ஞாயிறுகளில் அவர்களைக் கூட்டிக்கொண்டு அஸ்திவாரத்துக்கு வானம் தோண்ட இறங்கினாள். ஓடைக்கல்லைத் தலைச்சுமையாகக் கொண்டுவந்து போட்டார்கள். ஆண்கள் முதலில் வேடிக்கை பார்த்தார்கள், பிறகு வெட்கப்பட்டுக்கொண்டு மண்வெட்டியோடு வந்தார்கள். ஆயர் இல்லத்திலிருந்து கொஞ்சம் உதவி வந்தது. சாமியார் மூலைக்கல்லை மந்திரித்து வைத்த அன்று ஊரே மொச்சைக் குழம்பும் சோறும் பொங்கிச் சாப்பிட்டது.

கட்டியது அவள் மகன் பிரின்ஸ். கம்பத்தில் பெரிய மேஸ்திரியிடம் வேலை பழகிய கொத்தனார். தேனி பஜாரில் கடை வைத்திருக்கும் குடும்பத்துப் பெண் ஜாய்ஸை விரும்பிக் கட்டிக்கொண்டவன். கடைக்காரர் வீட்டில் வளர்ந்த பெண் இந்தத் தகரக் கோயில் ஊரில் ஒண்டுவாளா என்று எல்லாரும் நினைத்தார்கள். ஜாய்ஸ் ஒரே மாதத்தில் ஜீப்பில் ஏறக் கற்றுக்கொண்டாள். சாயங்காலம் தோட்டத்திலிருந்து இறங்கினால் வீட்டுக்குப் போகாமல் நேராகச் சுவருக்கு வருவாள். பிரின்ஸ் சாரத்தின் மேல் நிற்பான். அவள் கீழே நின்று, "வளைவு கோணலா இருக்கு" என்பாள். அவன் ரசமட்டத்தை எடுத்து வைத்துப் பார்ப்பான். அவள் சிரித்துக்கொண்டே போய்விடுவாள். அவர்களுக்கு ஒரு பெண் குழந்தை பிறந்தபோது சுவர் ஜன்னல் உயரத்துக்கு வந்திருந்தது. குழந்தை நடக்க ஆரம்பித்தபோது சுவர் முழு உயரத்தையும் தொட்டுவிட்டது. இனிக் கூரை மட்டும்தான்.

கூரைக்குக் கான்கிரீட். கம்பிக்கே கையிருப்பு போதாது. அந்தச் சமயத்தில்தான் பேபிச்சன் ஒரு சனிக்கிழமை மத்தியானம் போன் செய்தான். காய் பழுத்து உதிர்கிறது, நாளைக்கு ஞாயிறாக இருந்தாலும் ஆள் வேண்டும், கூலி சேர்த்துத் தருகிறோம், ஜீப்பையும் நாங்களே அனுப்புகிறோம் என்றான்.

மொக்கம்மாள் வீடு வீடாகப் போனாள். "நாளைக்குப் பூசை இல்ல. ஒருநாக் கூலிய கூரைக்குக் குடுப்போம்" என்று சொன்னாள். யாரும் மறுக்கவில்லை. பண்ணைப்புரத்திலிருந்து அவர்களோடு ஜீப்பில் வருகிற அக்கம்மாளுக்கும் சேதி எட்டிவிட்டது. அவள் இந்து, இந்தக் கோயிலுக்கும் அவளுக்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது. மொக்கம்மாளும் அவளும் ஒரே நிரையில் குனிந்து குனிந்து காய் எடுத்துப் பழகியவர்கள். அவ்வளவுதான். அவளே போன் செய்தாள்.

"ஏன்டி, என்னய மட்டும் விட்டுட்டீக? ஒங்க மாதாவுக்கு நானும் ஒருநா குடுக்கேன். வண்டிய எங்க ஊர்ப் பக்கம் நிறுத்தச் சொல்லு."

ஜாய்ஸ்தான் தயங்கினாள். "அத்த, ரெண்டு நாளா இடுப்பு விட்டுப்போகுது. நாளைக்கு நா இருந்துக்கிறேனே."

"ஊர்ப் பொம்பளைகள எல்லாம் வாங்கன்னு கூப்புட்டுட்டு, எம் மருமகள வீட்ல ஒக்கார வச்சா நல்லாவா இருக்கும் ஆத்தா? ஒருநா பல்லக் கடிச்சுக்க."

"சரி அத்த" என்று ஜாய்ஸ் குழந்தையின் சட்டையைத் துவைக்கப் போனாள்.

ஜீப்பை ஓட்டியவன் பலவேசம். விடிவதற்கு முன்பே ஒரு நடை ஆட்களை மேலே இறக்கிவிட்டு வந்திருந்தான். தூக்கமில்லாத கண். ஏழெட்டுப் பேர் உட்காருகிற வண்டியில் பதினைந்து பெண்கள். இது புதிதில்லை, எல்லா நாளும் அப்படித்தான். கம்பம்மெட்டைத் தாண்டி, தோட்டத்துக்குள் இறங்குகிற மண்பாதை வளைவில் பனி மூடியிருந்தது. எதிரே ஒரு லாரி வந்தது. பலவேசம் ஒதுக்கினான். ஓரத்து மண் சரிந்தது.

மொக்கம்மாளுக்கு நினைவிருப்பது அக்கம்மாள் அவள் கையைப் பிடித்தது மட்டும்தான். வண்டி உருண்டபோது அந்தப் பிடி விட்டுப்போனது. பிறகு ஏலச்செடிகளுக்கு நடுவே மல்லாந்து கிடந்தாள். இடுப்புக்குக் கீழே தன்னுடையதாகவே தெரியவில்லை. ஜாய்ஸைக் கூப்பிட்டாள். வேறு யாரோதான் அழுதார்கள்.

பலவேசம் செத்துப்போனான். ஐந்து பெண்கள் செத்தார்கள். நாலு பேர் சந்தியாகுபட்டி, ஐந்தாவது அக்கம்மாள். அந்த நாலில் ஒருத்தி ஜாய்ஸ்.

அந்த நாலு பேரையும் கூரையில்லாத கோயிலுக்குள் வரிசையாக வைத்துத்தான் பூசை நடந்தது. மேலே வானம் மேகமில்லாமல் வெறிச்சென்று கிடந்ததாம். மொக்கம்மாள் அதைப் பார்க்கவில்லை. தேனி ஆஸ்பத்திரியில் இடுப்பெலும்பில் கம்பி வைத்துப் படுக்கப் போட்டிருந்தார்கள். பிரின்ஸ் ஒரு தடவை வந்தான். கட்டிலுக்கு எட்ட நின்றான்.

"பிள்ளை எங்கப்பா?" என்று கேட்டாள்.

"ஜாய்ஸோட அம்மா தூக்கிட்டுப் போய்ட்டாக."

"நா வேணும்னேவா அவளக் கூட்டிட்டுப் போனேன்?"

அவன் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு நின்றான். பிறகு, மருந்து வாங்கிக் கொடுத்துவிட்டதாகச் சொல்லிவிட்டுப் போய்விட்டான்.

அடுத்த வாரம் பேபிச்சன் வந்தான். கூடவே ஊர்த் தலைவர் சவரிமுத்து, கோயில் கமிட்டிக்காரர்கள், அவர்களுக்குப் பின்னால் பிரின்ஸ். பேபிச்சன் ஆரஞ்சுப் பழங்களைக் கட்டிலில் வைத்துவிட்டு முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தான்.

"சேச்சி, முதலாளிக்கு ரொம்ப சங்கடம். ரெண்டு நாளா ஊணு இறங்கலை, கேட்டோ. அவரும் நம்ம சபைக்காரர்தானே. உங்க கோயில் கூரை, தரை, மாதா சுரூபம் எல்லாம் அவரே முடிச்சுத் தர்றாராம். இறந்தவங்க வீட்டுக்கும் ஒரு சகாயம் உண்டு."

மொக்கம்மாள் சவரிமுத்துவைப் பார்த்தாள். அவர் தொண்டையைக் கனைத்துக்கொண்டார்.

"போலீஸ் ஒன்னையத்தான் விசாரிக்கும் மொக்கம்மா. போன் வந்தது ஒனக்குத்தான்ல. ஒண்ணுமில்ல, ஞாயித்துக்கெழம மேல இருக்க ஒரு கோயிலுக்கு நேத்திக்கடனுக்குப் போனோம், வண்டிய நாங்களே பேசிப் போனோம்னு சொல்லிட்டாப் போதும்."

அவளுக்கு உடனே விளங்கிவிட்டது. வேலைக்குத் தோட்டம் அனுப்பிய வண்டி என்றால் செத்தவர்களுக்கும் கால் முறிந்தவர்களுக்கும் தோட்டம் பதில் சொல்ல வேண்டும். தாங்களாகப் பிடித்துப் போன வண்டி என்றால் எல்லாப் பழியும் பலவேசத்தோடு குழிக்குள் போய்விடும்.

"அக்கம்மா எந்தக் கோயிலுக்கு நேத்திக்கடனுக்கு வந்தா?" என்று கேட்டாள்.

பிரின்ஸ்தான் பேசினான். "அம்மா, செத்தவ திரும்ப வரப்போறதில்ல. கோயிலாவது முழுசாகட்டும். அவ பாத்துப் பாத்து நின்ன செவரு."

"பொய் சொல்லியா அதுக்குக் கூரை போடணும்?"

"கேசு போட்டா என்ன கெடைக்கும்? எத்தன வருசம் அலையணும்? நம்மளால முடியுமா?"

அவள் யோசித்துச் சொல்வதாகச் சொன்னாள். அன்று சாயங்காலம் ஃபாதர் பெனடிக்ட் வந்தபோது அவரிடம் கேட்டாள். நல்ல மனிதர்தான், பயந்தவர். ஊர் இரண்டுபடும் என்ற கவலை அவருக்கு. "உன் மனசாட்சி என்ன சொல்லுதோ அதைச் செய்யம்மா" என்றார். அவர் எழுந்து போனபிறகு மொக்கம்மாள் பக்கத்துக் கட்டில்காரியிடம், "நா அவுககிட்ட கேட்டது எம் மனசாட்சிய இல்ல" என்றாளாம்.

மறுநாள் அக்கம்மாளின் புருஷன் சின்னச்சாமி வந்தான். வெளுத்த சட்டை, சவரம் செய்யாத முகம். பழம் எதுவும் கொண்டுவரவில்லை. கமிட்டிக்காரர்கள் அவனையும் பார்த்துப் பேசியிருந்தார்கள்.

"ஒங்க ஊருக்குக் கோயிலு கெடைக்கும். நல்லது. எனக்கு அதுல ஒண்ணும் இல்ல. எம் பொண்டாட்டி வேலைக்குத்தான் போனா. அத மட்டும் சொல்லு. ஊர்சுத்தப் போயிச் செத்தான்னு அவ மேல எழுதிறாத."

சொல்லிவிட்டு, அவள் காலைப் பார்த்தான். "வலிக்குதா?" என்று கேட்டான். அந்த ஆஸ்பத்திரியில் அதுவரை அவளை அப்படிக் கேட்ட ஆள் அவன் ஒருவன்தான். அவன் போகிறவரைக்கும் அடக்கி வைத்திருந்து, பிறகு அழுதாள்.

கேரளத்து எஸ்.ஐ. தமிழ் தெரிந்த ஒரு போலீஸ்காரரோடு வந்தார். மொக்கம்மாள் உள்ளதைச் சொன்னாள். பேபிச்சன் எப்போது போன் செய்தான், என்ன சொன்னான், வண்டி யார் அனுப்பியது, எத்தனை பேர் ஏறினோம் என்று எல்லாம். ஞாயிறு வேலைக்குப் போங்கள் என்று பெண்களைக் கூட்டியது நான்தான் என்பதையும் சேர்த்துச் சொன்னாள். அதை யாரும் கேட்கவில்லை.

அதற்குப் பிறகு ஊரில் அவளுக்கு வீடு மட்டும்தான் மிஞ்சியது.

தோட்டத்து உதவி நின்றுபோனது. செத்தவர்கள் வீட்டுக்கு வருவதாக இருந்ததும் வரவில்லை. கோயில் பெண்களின் மாதா சபையிலிருந்து அவளை நீக்கினார்கள். ஊன்றுகோலோடு தெருவில் இறங்கினால் பேச்சு நிற்கும். தண்ணீர்க் குழாயடியில் ஒருத்தி அவள் காதுபடவே சொன்னாள்: "இவ வாயாலதான்டி கோயிலு நின்னுபோச்சு." ஓரளவு நடக்க ஆரம்பித்ததும் எந்த ஜீப்பும் அவளை ஏற்றவில்லை. மேலே உள்ள எல்லாத் தோட்டத்துக்கும் சேதி போயிருந்தது. உத்தமபாளையம் ரோட்டில் ஒரு திராட்சைத் தோட்டத்தில், உட்கார்ந்தபடி பழக்கொத்தில் அழுகலைக் கத்தரிக்கிற வேலை கிடைத்தது. பஸ்ஸில் போய் வந்தாள்.

பிரின்ஸ் தேனிக்குப் போய்விட்டான். மாமனார் வீட்டுக்குப் பக்கத்தில் ஒரு அறை, அங்கேயே வேலை. கிளம்புகிற அன்று தன் கரண்டிகளையும் ரசமட்டத்தையும் சாக்கில் போட்டுக் கட்டினான். மொக்கம்மாள் வாசலில் நின்றாள்.

"ஏலே, ஒரு வார்த்த பேசிட்டுப் போ."

"என்னத்தப் பேச? இடுப்பு வலிக்குதுன்னவள இழுத்துட்டுப் போனதும் நீதான். அவ ஆசப்பட்ட கோயிலு முழுசாகாமத் தடுத்ததும் நீதான். ரெண்டையும் ஒரே ஆளு செஞ்சா நா என்னத்தப் பேச?"

முதலாவது உண்மை என்று அவளுக்குத் தெரியும். இரண்டாவதும் உண்மைதான். சாக்கைத் தோளில் தூக்கிக்கொண்டு போனவனை, ரோடு திரும்புகிற வரைக்கும் பார்த்துக்கொண்டு நின்றாள்.

கோயில் அப்படியே நின்றது. சுவர் உச்சியில் நீட்டிக்கொண்டிருந்த கம்பிகள் துருப்பிடித்துச் சுவரில் சிவப்பாக ஒழுகின. உள்ளே எருக்கஞ்செடி முளைத்தது. ஊர் மறுபடியும் தகரத்துக்குள் போய் உட்கார்ந்தது. மொக்கம்மாள் ஒரு ஞாயிறும் பூசைக்குத் தவறவில்லை. அவள் உட்கார்ந்த பாயில் வேறு யாரும் உட்காரவில்லை. பூசை முடிந்து எல்லாரும் போனபின், அரிவாளோடு கூரையில்லாத சுவருக்குள் போய் எருக்கைச் செதுக்கிப் போடுவாள். ஊன்றுகோலைச் சுவரில் சாய்த்துவிட்டு, தரையில் உட்கார்ந்து நகர்ந்து நகர்ந்து செதுக்குவாள். அதைப் பார்த்தவர்கள் உண்டு. கூட வந்தவர்கள் இல்லை.

கடைசியில் கூரையைக் கொண்டுவந்தது ஃபாதர் பெனடிக்ட். ஆஸ்பத்திரியில் அவர் சொல்லாமல் விட்டது அவரை உறுத்தியிருக்க வேண்டும். அவர் அதைப் பற்றி அவளிடம் பேசவில்லை. ஒவ்வொரு பங்காகப் போய்ப் பூசை முடிவில் கோயில் வாசலில் துண்டை ஏந்தி நின்றார். திண்டுக்கல், மதுரை என்று அலைந்தார். மூன்றாவது வருஷம் கம்பி இறங்கியது, சென்ட்ரிங் அடித்தார்கள்.

கான்கிரீட் போடுகிற அன்று காலையில் பிரின்ஸ் வந்துவிட்டான். சாமியார் கூப்பிட்டிருந்தார். அவன் கட்டிய சுவர், மட்டம் அவனுக்குத்தான் தெரியும். ஊர் முழுக்க வரிசையாக நின்று சட்டி கை மாற்றியது. மொக்கம்மாளும் போனாள். வரிசையில் நுழைய இடம் பார்த்தாள். எங்கேயும் யாரும் நகரவில்லை. வரிசையின் கடைசியில், மிக்சர் மிஷின் பக்கத்தில், காலிச் சட்டிகளைக் கழுவிக் கொடுக்கிற வேலையைத் தானே எடுத்துக்கொண்டாள். பகல் முழுக்க அதைச் செய்தாள். ஒருமுறை நிமிர்ந்து, சாரத்துக்கு அடியில் போய் மேலே பார்த்தாள். பிரின்ஸ் பலகையால் கான்கிரீட்டை இழுத்துச் சமன் செய்துகொண்டிருந்தான். அவளைக் கண்டு கை நின்றது.

"தள்ளி நில்லு. மேல விழும்."

அவ்வளவுதான் சொன்னான். அவள் தள்ளி நின்றாள்.

கோயில் மந்திரிப்பு விழா ஊர்ப் பாதுகாவலர் சந்தியாகப்பர் திருநாளை ஒட்டி வைக்கப்பட்டது. ஆயர் வருகிறார் என்று நோட்டீஸ் அடித்தார்கள். அதே தேதியில் கேரளத்துக் கோர்ட்டில் மொக்கம்மாளின் சாட்சி விசாரணை விழுந்தது. தோட்டத்து வக்கீல் பல தடவை தள்ளிப்போட்டு, கடைசியாகக் குறித்த நாள். கேஸைப் போட்டது சின்னச்சாமி. மற்ற வீட்டுக்காரர்களின் கையெழுத்தை வாங்க அவன் நடையாய் நடந்தான். கையெழுத்துப் போட்டவர்களும் சாட்சி சொல்ல வரமாட்டோம் என்றே போட்டார்கள்.

சாமியார் தெரிந்துகொண்டு அவளிடம் வந்தார். "வேணும்னா வக்கீல்கிட்ட பேசி இன்னொரு தேதி வாங்கலாமாம்மா? நீ ஆரம்பிச்சு வச்ச கோயில்."

"இன்னொரு தேதின்னா இன்னொரு வருசம் சாமி. கோயிலு இங்கனதான இருக்கும். நா வந்து பாத்துக்கிறேன்."

ஊருக்கு மாவிலைத் தோரணம் கட்டிக்கொண்டிருந்த காலையில் அவள் கம்பம் போய், அங்கிருந்து சின்னச்சாமியோடு பஸ் ஏறினாள். ஜீப் உருண்ட பகுதி வந்தபோது இருவரும் வேறு வேறு பக்கம் பார்த்துக்கொண்டார்கள்.

கோர்ட்டில் தோட்டத்து வக்கீல் நல்ல தமிழ் பேசினார்.

"அன்னைக்குக் கூலியை நீங்க யாரும் வீட்டுக்குக் கொண்டுபோறதா இல்லை. கோயில் கூரைக்குக் கொடுக்கத்தான் போனீங்க. அப்போ அது உங்க நேர்த்திக்கடன். எஸ்டேட் வேலை இல்லை. சரிதானே?"

"காய எடுத்துக் கூலி வாங்கறவரைக்கும் அது எஸ்டேட்டு வேல. வாங்குனப்பறம் நா சாமிக்குக் குடுப்பேன், சாராயத்துக்குக் குடுப்பேன். அது எம் பாடு."

வக்கீல் கொஞ்சநேரம் கண்ணாடியைத் துடைத்தார். பிறகு, "உங்க மருமகளுக்கு அன்னைக்கு உடம்பு சரியில்லை, இல்லையா? வரமாட்டேன்னு சொன்னவங்களை வற்புறுத்திக் கூட்டிட்டுப் போனது எஸ்டேட்டா, நீங்களா?" என்று கேட்டார்.

அதை அவருக்கு யார் சொல்லியிருப்பார்கள் என்று மொக்கம்மாளுக்குத் தெரியவில்லை. கூண்டின் கட்டையைப் பிடித்துக்கொண்டாள்.

"நாந்தான்" என்றாள். "நாந்தான் கூட்டிட்டுப் போனேன்."

ஒரு நாற்காலி போடச் சொன்னார் நீதிபதி. உட்கார்ந்துகொண்டு மிச்சக் கேள்விகளுக்கும் பதில் சொன்னாள்.

இருட்டுகிற நேரத்துக்கு ஊர் திரும்பினாள். ஆயர் போய்விட்டிருந்தார். பந்தலில் பந்தி நடந்துகொண்டிருந்தது. கோயிலுக்குள் யாரும் இல்லை. புதுச் சுண்ணாம்பும் ரோஜாமாலையும் கலந்த வாசம். தரை குளிர்ச்சியாக இருந்தது. பிரின்ஸ் இழைத்த வளைவுகளை ஒவ்வொன்றாகப் பார்த்தாள். வாசல் கல்லில் உதவி செய்த பங்குகளின் பெயர்கள் வெட்டியிருந்தன. செத்துப்போன பெண்களின் பெயரைப் போடலாம் என்று சாமியார் சொன்னாராம். போட்டால் ஐந்தாவது பெயரும் போட வேண்டும், அது இந்துப் பெயர், பிறகு வழக்கும் நடக்கிறது என்று கமிட்டி வேண்டாம் என்றதாம். கோயிலைப் பார்த்துக்கொள்ளும் அம்மாவாசி வந்து விளக்கை அணைக்கலாமா என்று கேட்கும்வரை உட்கார்ந்திருந்தாள்.

தீர்ப்பு அதற்கடுத்த வருஷம் வந்தது. வண்டியை அனுப்பியது தோட்டம்தான், போனவர்கள் வேலைக்குத்தான் போனார்கள், நஷ்டஈடு கொடுக்க வேண்டும் என்று. தோட்டக்காரர் மேல்கோர்ட்டுக்குப் போய்விட்டார். கைக்கு இன்னும் ஒன்றும் வரவில்லை. ஆனால் தீர்ப்புச் சேதி வந்த வாரத்தில், குழாயடியில் அப்படிப் பேசிய அதே பெண் மொக்கம்மாள் வீட்டு வாசலுக்கு வந்தாள். அவளுடைய அக்காவும் அந்த ஜீப்பில் செத்தவள்தான்.

"அது எப்ப வரும்னு ஏதாச்சும் சொன்னாகளா மதினி?"

"இன்னும் இழுக்கும். வந்தா சின்னச்சாமி அண்ணன் சொல்லுவாக."

"சரி" என்று நின்றாள். உள்ளே வரவில்லை. கொஞ்சநேரம் கழித்துப் போய்விட்டாள். ஜீப்பில் ஏற்ற ஆள் சேர்ப்பது இப்போது அந்தப் பெண்தான். இன்றைக்கும் ஒரு வண்டியில் பதினைந்து பேர்தான் போகிறார்கள்.

போன கல்லறைத் திருநாளுக்குப் புதுக் கோயிலில் பூசை. இறந்தவர்களின் பெயர்களை வாசித்து மன்றாடுவது வழக்கம். சின்னச்சாமி அன்று முதல் தடவையாகச் சந்தியாகுபட்டிக்கு வந்திருந்தான். செருப்பை வாசலுக்கு வெகுதூரத்தில் கழற்றிவிட்டு, கடைசித் தூண் பக்கம் நின்றான். சாமியாருக்கு உதவியாக இருக்கும் உபதேசியார் வாசித்துக்கொண்டே வந்து ஓரிடத்தில் தயங்கி, பீடத்துப் பக்கம் பார்த்தார். ஃபாதர் பெனடிக்ட் தலையசைத்தார். "அக்கம்மாள்" என்று வாசித்தார் உபதேசியார். கூட்டத்தில் சிலர் திரும்பிப் பார்த்தார்கள். எதிர்த்து யாரும் பேசவில்லை.

பூசை முடிந்து மொக்கம்மாள் மெழுகுவத்தியோடு கல்லறைத் தோட்டத்துக்குப் போனாள். ஜாய்ஸின் குழிமேட்டில் ஏற்கெனவே மல்லிகைச் சரம் கிடந்தது. பக்கத்தில் பாதி எரிந்த மெழுகுவத்தி. ஒரு சின்னக் கை கிள்ளிப் போட்டதுபோல் செவ்வந்திப்பூ இதழ்கள் சிதறியிருந்தன.

அம்மாவாசி புல் செதுக்கிக்கொண்டிருந்தான். "பிரின்ஸு காலையிலயே பிள்ளையக் கூட்டிட்டு வந்தான் மதினி. பூசைக்கு நிக்கல. மொத பஸ்ஸுக்கே போய்ட்டான்."

"பிள்ளை வளந்திருக்காளா?"

"நல்லா வளந்திருக்கு. அவுக அம்மா சாடை."

"என்னயக் கேட்டானா?"

அம்மாவாசி செதுக்குவதை நிறுத்தினான். "இல்ல" என்றான்.

மொக்கம்மாள் ஊன்றுகோலை ஊன்றிக் கஷ்டப்பட்டு உட்கார்ந்தாள். காற்றில் அணைந்திருந்த மகனின் மெழுகுவத்தியைப் பொருத்தினாள். அதன் சுடரில் தன்னுடையதையும் பற்றவைத்து, கொஞ்சம் தள்ளி மண்ணில் நட்டாள்.